டி.ஆர். சீனிவாசகம்: நகராண்மைக் கழகத்துக்கு நாம் ஓட்டுப் போட்ட காலத்தின் தலைவர்

மெர்லிமாவில் உங்க வீட்டு முன்னால் லோங்காங் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீங்க? ஜாசின் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போடலாம். இணையத்தில் புகார் எழுதலாம். தெரிந்த கவுன்சிலர் இருந்தால் அவருக்கு ஒரு வாட்ஸ்ஆப் தட்டிவிடலாம். ஆனால் அந்தக் கவுன்சிலரை நீங்க தேர்ந்தெடுக்கவில்லை. அவரை நியமித்தது மலாக்கா மாநில அரசாங்கம். சட்டமன்றத்துக்கு ஓட்டு உண்டு, நாடாளுமன்றத்துக்கு ஓட்டு உண்டு. குப்பை லாரிக்கும் தெருவிளக்கிற்கும் பொறுப்பான மன்றத்துக்கு மட்டும் ஓட்டு இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் நடந்த நகராண்மைத் தேர்தல்தான் மலாயாவின் முதல் தேர்தல். நாடாளுமன்றத் தேர்தலே அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த ஆண்டு கோலாலம்பூர், தொடர்ந்து மலாக்கா உள்பட மற்றப் பட்டணங்கள் என்று அது பரவியது. பல ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வைத்தார்கள். அதாவது, போன வருடம் சாலையைப் போடாத கட்சிக்கு இந்த வருடமே பதில் சொல்லிவிட முடிந்தது. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக வந்தவர் டி.எஸ். ராமநாதன் என்ற தமிழர். இது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு தமிழரின் வாழ்க்கை இன்னும் உதவும். அவர் ஈப்போ வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம்.

ஈப்போவிலிருந்து தொடங்கிய கட்சி

தர்ம ராஜா சீனிவாசகம் 1921இல் பிறந்தவர். யாழ்ப்பாண வழி வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம். ஈப்போ மக்கள் அவரை டி.ஆர். என்பார்கள், அவருடைய அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தை எஸ்.பி. என்பார்கள். இரண்டு பேரும் வழக்கறிஞர்கள். ஈப்போ நீதிமன்றத்தில் இரண்டு பேருக்கும் பெயர் இருந்தது. பெரிய வழக்கு மட்டும் அல்ல, சிறு வியாபாரி, சுரங்கத் தொழிலாளி என்று யாரும் படியேறி வரக்கூடிய அலுவலகமாக அவர்களுடையது இருந்தது. பிறகு இவர்கள் ஓட்டுக் கேட்டுப் போனபோது முகம் காட்ட வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

1953 ஜனவரியில் சகோதரர்கள் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது, ஒரு மாநிலக் கட்சி. பின்னர்தான் அது மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. நமக்குப் பழக்கமான பெயர் பி.பி.பி. கொஞ்ச காலம் கூட்டணிக் கட்சியோடு சேர்ந்திருந்து, இடப் பங்கீட்டில் ஒத்துவராமல் பிரிந்தது. 1955இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் இருந்த 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வாரிக்கொண்டது. பி.பி.பி.க்கு ஓர் இடம்கூட இல்லை.

அவருக்குக் கதவு திறந்ததில் மலாக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு. சுதந்திரத்தின்போது மலாக்காவின் முதல் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் லியோங் இயூ கோ. அவர்தான் அதுவரை ஈப்போ–மெங்லெம்புவின் பிரதிநிதி. அவர் மலாக்காவுக்கு வந்ததும் அந்தத் தொகுதி காலியானது. 1957இன் இறுதியில் நடந்த இடைத்தேர்தலில் டி.ஆர். ஜெயித்தார். நாடு விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆன நேரத்தில், ஆளும் கூட்டணியின் கோட்டையில் ஓர் எதிர்க்கட்சிக்காரர் உள்ளே வந்துவிட்டார். 1959 பொதுத் தேர்தலில் பி.பி.பி. நாடாளுமன்றத்தில் நான்கு இடங்களைப் பிடித்தது. தம்பி ஈப்போவுக்கு, அண்ணன் மெங்லெம்புவுக்கு.

யார் ஓட்டுப் போட்டார்கள்?

இதுதான் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். ஈப்போவிலும் சுற்றுப்புறத்திலும் பெரும்பான்மை சீனர்கள். அவசரகாலத்தில், 1950 முதல், பிரிட்டிஷ் அரசாங்கம் காட்டோரத்தில் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்து முள்கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. கிந்தா பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட கிராமங்கள் ஏராளம். குடியுரிமை, மொழி, சீனப் பள்ளி, வீட்டு நிலத்துக்குப் பட்டா என்று அவர்களுக்கு இருந்த கவலைகளை நாடாளுமன்றத்தில் விடாமல் எழுப்பியவர் இந்தத் தமிழ் வழக்கறிஞர். அவர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள், திரும்பத் திரும்ப.

ஆனால் இதை ரொம்ப இனிப்பாகவும் சொல்லிவிடக் கூடாது. பி.பி.பி.யின் மொழிக் கொள்கையும் சமவுரிமைப் பேச்சும் மலாய்த் தலைவர்கள் பலரை எரிச்சலூட்டின. அவர்கள் பார்வையில் அது இனங்களைக் கடந்த கட்சி அல்ல, சீன வாக்கை நம்பியிருக்கும் கட்சி. இரண்டு பார்வைக்கும் அன்றைய நாடாளுமன்ற விவாதங்களில் ஆதாரம் இருக்கிறது. தோட்டத் தமிழர்களிடையே டி.ஆருக்கு ஈப்போவில் இருந்த அளவு வேர் இருந்ததில்லை. அங்கே மஇகாவும் தொழிற்சங்கமும்தான்.

நகராண்மையை நடத்திக் காட்டியவர்கள்

எதிர்க்கட்சி என்றால் பேசுவதோடு சரி என்று நினைப்போம். பி.பி.பி. அப்படி இல்லை. 1950களின் இறுதியிலிருந்து ஈப்போ மன்றம் அவர்கள் கையில் இருந்தது. கூட்டரசில் கூட்டணி, பேராக் மாநிலத்தில் கூட்டணி, ஆனால் ஈப்போ பட்டணத்தின் குப்பை, சந்தை, அங்காடி லைசென்ஸ், பூங்கா, வடிகால் எல்லாம் எதிர்க்கட்சியின் பொறுப்பு.

இது சாதாரண வேலை இல்லை. மாநில அரசாங்கம் நிலத்தை வைத்திருக்கிறது, கூட்டரசு பணத்தை வைத்திருக்கிறது. மன்றத்துக்குச் சொந்தமாக இருக்கும் பெரிய வருமானம் வீடு, கடைகளிடமிருந்து வசூலிக்கும் மதிப்பீட்டு வரி, நம்மூர்ப் பேச்சில் சுக்காய் பிந்து. அதை ஏற்றினால் அடுத்த தேர்தலில் அடி விழும், ஏற்றாவிட்டால் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கும். இந்தக் கயிற்றில் பி.பி.பி. பல ஆண்டுகள் நடந்தது. ஈப்போ வாக்காளர் அதைத் திரும்பவும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கால ஈப்போ எவ்வளவு சுத்தம் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையடிப்பார்கள். அதில் ஏக்கம் கொஞ்சம் கலந்திருக்கும்தான்.

டி.ஆரின் பெயர் நாடு முழுக்கப் போனது வேறொரு விவகாரத்தில். 1960களின் நடுவில் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் அவர் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். அவைக்குள் பேசுவதற்கு உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவதூறு வழக்குப் போட முடியாது. தைரியம் இருந்தால் வெளியே சொல் என்ற சவால் வந்தது. டி.ஆர். வெளியே போய்ச் சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டார், தோற்றார், பதவியை விட்டார். மேல்முறையீட்டிலும் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் தன் சொத்தையும் பெயரையும் பணயம் வைத்து ஓர் அமைச்சரை இறக்கியது இந்நாட்டு வரலாற்றில் அடிக்கடி நடந்த காரியம் அல்ல.

1965இல் என்ன நடந்தது?

இந்தோனேசியாவுடன் கொன்ஃப்ரொந்தாசி மோதல் நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார். நிறுத்திவைப்புதான், ரத்து இல்லை. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் சொல்லப்பட்டது. மோதல் 1966இல் முடிந்தது. தேர்தல் வரவில்லை.

இடையில் சில மன்றங்களில் முறைகேடு என்ற புகார்கள் எழுந்தன. அவற்றையும் ஊராட்சி முறை முழுவதையும் ஆராய அரசாங்கம் 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தமிழ்ப் பத்திரிகை உலகிலிருந்து வந்த வழக்கறிஞர், மஇகாவின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். ஆளும் கூட்டணியின் ஆள் என்பதால் அறிக்கை எப்படி வரும் என்று பலர் முன்கூட்டியே முடிவு கட்டியிருப்பார்கள்.

அறிக்கை அப்படி வரவில்லை. தீபகற்பத்தில் அப்போது 374 ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பெரும்பாலானவை புதுக்கிராமங்களின் குட்டி மன்றங்கள், பணமும் ஆளும் இல்லாதவை. அவற்றை இணைத்துப் பெரிதாக்க வேண்டும் என்றது ஆணையம். கூடவே, மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. குறை இருக்கிறது என்பதற்காகத் தேர்தலை எடுத்துவிடக் கூடாது என்பது அதன் நிலை. எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு தமிழ் வழக்கறிஞர்களின் வேலை இந்த ஓர் இடத்தில் ஒரே பக்கம் சாய்ந்தது.

அறிக்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1969 தொடக்கத்தில். அதே ஆண்டு மார்ச் 15ஆம் தேதி டி.ஆர். காலமானார். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை. ஈப்போவில் அவரை வழியனுப்பப் பெருங்கூட்டம் கூடியது. இரண்டு மாதத்தில் வந்த பொதுத் தேர்தலில் எஸ்.பி.யின் தலைமையில் பி.பி.பி. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12ஐப் பிடித்தது. கூட்டணிக்கு 19தான், பெரும்பான்மை இல்லை. மாநில ஆட்சியே கைமாறக்கூடிய நிலை. மூன்று நாளில் மே 13 கலவரம். நாடாளுமன்றம் முடங்கியது.

அதற்குப் பின் நாட்டின் அரசியலே வேறு. ஆணையத்தின் அறிக்கை 1971இல்தான் வெளியானது. பட்டணங்களில் தேர்தல் வைத்தால் இனப் பிளவு கூடும், சட்டமன்ற உறுப்பினர் இருக்கும்போது இன்னொரு பிரதிநிதி எதற்கு என்ற வாதங்கள் மேலோங்கின. தேர்தல் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. பி.பி.பி. பேராக்கில் ஆளும் தரப்போடு கைகோத்தது, பிறகு தேசிய முன்னணியில் சேர்ந்தது. 1974 தேர்தலில் அதன் பழைய வாக்காளர்கள் அதற்குப் பெரும் தோல்வியைக் கொடுத்தார்கள். எஸ்.பி. 1975இல் மறைந்தார். 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, தேர்தல் பற்றிய விதிகள் அனைத்தும் செல்லாது என்று 15ஆம் பிரிவில் எழுதி முடித்தது. அதே ஆண்டில் ஆதி நாகப்பனும் காலமானார்.

மெர்லிமாவுக்கு இதில் என்ன?

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். 1965இல் தேர்தல் நின்றபோது தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எதையும் இழக்கவில்லை. ஏனென்றால் இழக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. மன்றங்கள் பெரும்பாலும் பட்டணத்துக்கும் புதுக்கிராமத்துக்கும்தான். தோட்டம் தனியார் நிலம். லயத்துக்குத் தண்ணீர், விளக்கு, வடிகால், குப்பை எல்லாம் மேனேஜர் மனசு வைத்தால் உண்டு. ஈப்போவில் ஒரு சீனக் காய்கறி வியாபாரி தன் கவுன்சிலரை மாற்ற முடிந்த காலத்தில், மலாக்கா தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் லோங்காங் அடைப்புக்குக் கங்காணியிடமும் கிராணியிடமும்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. தோட்ட முதலாளிகள் வீட்டு வசதியில் காக்க வேண்டிய குறைந்தபட்சத் தரத்துக்கு 1990இல் தனிச் சட்டம் வந்தது. அப்போதும் பொறுப்பு முதலாளிக்கே, மன்றத்துக்கு இல்லை.

இப்போது நிலைமை வேறு. தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கிய குடும்பங்கள் மதிப்பீட்டு வரி கட்டுகின்றன. நம்மில் பல வீடுகளில் அந்த வரி ரசீதைப் பார்த்த முதல் தலைமுறை நம் அப்பா அம்மாதான். வரி வந்துவிட்டது, ஓட்டு வரவில்லை.

தேர்தலை மீட்கும் முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு மாநிலம் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2018இல் ஆட்சி மாறியபின் பேச்சு மறுபடி எழுந்தது, இன மோதல் வரும் என்று சொல்லி அன்றைய பிரதமர் மகாதீர் அதை மூடிவைத்தார். ஈப்போ அனுபவத்தைக் காட்டி அந்தப் பயம் தேவையில்லை என்பவர்களும் உண்டு, அதே ஈப்போவைக் காட்டிப் பயம் சரிதான் என்பவர்களும் உண்டு. என் கணிப்பில் முதல் தரப்புக்குக் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. தமிழரைச் சீனர்கள் இத்தனை ஆண்டு தேர்ந்தெடுத்தது நடந்த சம்பவம். மோதல் வரும் என்பது கணிப்பு.

இன்றைய சட்டப்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 பேர் வரை கவுன்சிலர்கள் இருக்கலாம். ஒரு நியமனத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது, பெரும்பான்மையினர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காத வரையில் அதன் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் போய் உட்காரலாம் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. ஜாசினுக்கும் அதே சட்டம்தான். ஈப்போவுக்கும் அதுதான். அங்கே டி.ஆர். சீனிவாசகம் பெயரில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது, பழைய பெயர் கொரோனேஷன் பார்க். மீன் குளமும் பிள்ளைகள் விளையாட்டு இடமுமாகச் சாயங்காலத்தில் ஆட்கள் நிறைந்திருக்கும். ஊர்க்காரர்கள் சுருக்கமாக டி.ஆர். பார்க் என்பார்கள். யார் அந்த டி.ஆர். என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.