கண் தெரியாத தேனீக்காரர்

எங்க இடையஞ்சாவடி முந்திரித் தோப்புல மாமா இத்தாலித் தேனீப் பெட்டி ரெண்டு வச்சிருக்கார். ஒண்ணுல ஈ குறைஞ்சுகிட்டே வந்துச்சு. உண்ணியா இருக்கும்னார். அப்போதுதான் ஹூபரைப் பற்றிப் படித்தேன்.

பிரான்சுவா ஹூபர் 1750-ல் ஜெனீவாவில் பிறந்தார். சுமார் 15 வயதிலேயே பார்வை மங்கி, பிறகு முழுசாப் போய்விட்டது. மரி என்ற பெண், தன் அப்பா தடுத்தும், 25 வயது வரை காத்திருந்து அவரையே கல்யாணம் செய்துகொண்டார். (எனக்கு இவங்களைத்தான் ரொம்பப் பிடிச்சது!)

புத்தகம் போல் விரிகிற தேன்கூட்டை ஹூபர் செய்தார். அவர் கேள்வி கேட்பார், வேலையாள் பர்னென்ஸ் பார்த்துச் சொல்வார். முட்டையிடுவது யார் என்று அறிய, ரெண்டு கூட்டுத் தேனீக்களையும் பர்னென்ஸ் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார். பதினோரு நாள்! கொட்டுக்குப் பயப்படவே இல்லை. 1792-ல் இவர்கள் கண்டதெல்லாம் புத்தகமாக வந்தது. 1831-ல் ஹூபர் காலமானார்.

அவர் காலத்தில் ஐரோப்பாவில் வர்ரோவா உண்ணி கிடையாது. 1904-ல்தான் ஜாவாத் தீவுத் தேனீ மேல் அதைக் கண்டு பெயர் வைத்தார்கள். கடுகை விடச் சின்னது, செம்பழுப்பு நிறம்.

கண் தெரியாதவரே அவ்வளவு பார்க்க வைத்தாரே, 300 ஈயை நாம பாக்க மாட்டோமா? ராணி இல்லாம பாத்து, வலை மூடி போட்ட டப்பாவில் விட்டு, பொடிச்ச சர்க்கரை தூவினோம். தூள் பட்டா உண்ணிக்குப் பிடி நழுவும். ஈ சாகாது. உருட்டி, வெள்ளைத் தாள் மேல் குலுக்கினோம்.

பதினாலு விழுந்தது. நான்தான் எண்ணினேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி