ஒரு விலங்கை ஒடித்தவர்

1833-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள். இலண்டன் நகரில், 73 வயதுக் கிழவர் ஒருவர் நோய்ப்படுக்கையில் கிடக்கிறார். பார்வை மங்கிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. அந்த நேரத்திலே செய்தி வருகிறது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் மசோதா காமன்ஸ் சபையைக் கடந்துவிட்டது என்று. கிழவரின் உள்ளம் குளிருகிறது. மூன்றே நாளில் கண்ணை மூடுகிறார்.

அவர்தான் வில்லியம் வில்பர்போர்ஸ். அடிமை வாணிபத்தை எதிர்த்து இருபது ஆண்டுகள் பாராளுமன்றத்தில் போராடியவர். நாம் அவர் கதையை இங்கே கூற முற்படுவது, மாலை சூட்டுவதற்கு மட்டுமல்ல. மண் வாரித் தூற்றவும் அல்ல. வேதப் புத்தகத்தைக் கையில் ஏந்தி அரசியலுக்கு வருகிறவர்கள், எந்த உரிமைக்கு வாதாடுவார்கள், எந்த உரிமை கண்டு மிரளுவார்கள் என்பதை அறிய அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பதரிது. அதனால்தான் கூறுகிறோம்.

1759-இல் ஹல் என்னும் துறைமுகப் பட்டணத்தில், வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் வில்பர்போர்ஸ். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். ஆனால் செல்வத்தை இழக்கவில்லை. கேம்பிரிட்ஜில் படிப்பு, சீமான் வீட்டுப் பிள்ளைகளுடன் சீட்டாட்டம், பாட்டு, விருந்து! 1780-இல், 21-ஆம் வயதில், பாராளுமன்றத்துக்குப் போனார். எப்படிப் போனார்? தேர்தலுக்குச் சுமார் 8,000 பவுன் செலவழித்துப் போனார். அந்நாளில் வாக்கு, உழைப்பவனிடம் இல்லை. வாக்கு இருந்தவனிடமோ, அது விலைக்குக் கிடைத்தது. உற்ற நண்பர் இளைய பிட், 24 வயதிலேயே பிரதமரானார். வில்பர்போர்சுக்கு எட்டாத உயரம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், 1785-இல், அவர் வாழ்வு திரும்பிற்று. ஐரோப்பியப் பயணத்தில் வேதப் புத்தகத்தை ஊன்றிப் படித்தார், தீவிரக் கிறிஸ்தவரானார். சீட்டாட்டம் போயிற்று, ஜெபம் வந்தது. அரசியலை விட்டுவிடலாமா என்று ஜான் நியூட்டன் என்ற பாதிரியாரிடம் யோசனை கேட்டார். அந்த நியூட்டன் யார்? ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர்! அரசியலிலேயே இருந்து தொண்டாற்று என்று அறிவுரை கூறினார் அவர். இருந்தார் வில்பர்போர்ஸ்.

அந்நாள் அடிமை வாணிபம் எப்படிப்பட்டது? லிவர்பூலிலும் பிரிஸ்டலிலும் இருந்து துணியும் துப்பாக்கியும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஆப்பிரிக்கா செல்லும். அங்கே மனிதர்களை வாங்கி, விலங்கிட்டு, விறகுக் கட்டைபோல் அடுக்கி, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு செல்லும். அவர்களை விற்று, அவர்கள் வியர்வையில் விளைந்த சர்க்கரையை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும். 1781-இல் சாங் என்னும் கப்பலில் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தூக்கி எறிந்தனர். வழக்கு நடந்தது, கொலை வழக்கா? இல்லை. எறியப்பட்ட சரக்குக்கு இன்ஷூரன்சுப் பணம் உண்டா இல்லையா என்கிற வழக்கு!

1787-இல் வில்பர்போர்ஸ் தமக்கு இறைவன் இட்ட பணிகள் இரண்டு என்று நாட்குறிப்பில் எழுதினார். ஒன்று, அடிமை வாணிபத்தை ஒழிப்பது. மற்றொன்று, நாட்டு மக்களின் ஒழுக்கத்தைச் சீர்திருத்துவது. தோழர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது அவரை வரலாற்றில் ஏற்றியது. இரண்டாவது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1789 மே 12-இல், காமன்ஸ் சபையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். 1791-இல் வாக்கெடுப்பு நடந்தது; ஆதரவு 88, எதிர்ப்பு 163. தோல்வி! 1796-இல் மீண்டும் கொண்டுவந்தார். நாலே வாக்கில் தோற்றார். ஆதரவாளர் சிலர் அன்றிரவு இசை நாடகம் பார்க்கப் போய்விட்டனர். அடிமையின் விடுதலை, சீமானின் பொழுதுபோக்குக்குப் பின்னால் காத்துக்கிடந்தது! ஆனாலும் அவர் ஓயவில்லை. 1807 பிப்ரவரி 23-இல் 283 பேர் ஆதரவு, 16 பேர் மட்டுமே எதிர்ப்பு. அடிமை வாணிபம் சட்டப்படி ஒழிந்தது.

வெற்றி அவருடையது மட்டுந்தானா? சான்றுகள் தேடி, குதிரைமீது ஊர் ஊராய் அலைந்தார் கிளார்க்சன். அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற எக்கியானோ, தன் கதையைத் தானே எழுதி நாடெங்கும் கொண்டுசென்றார். 1792-இல் மட்டும் 519 மனுக்கள் பாராளுமன்றத்தில் குவிந்தன. ஷெப்பீல்டு நகரத்தில் கத்தியும் கத்தரிக்கோலும் செய்யும் தொழிலாளர்கள், 700-க்கும் மேற்பட்டோர், 1789-இலேயே மனுச் செய்தனர். அவர்கள் செய்த சரக்கு, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு மாற்றாக விற்கப்பட்டது. வாணிபம் ஒழிந்தால் தங்கள் வயிற்றில் அடி விழும் என்பது தெரியும், தெரிந்தும் கையெழுத்திட்டனர். அந்த ஷெப்பீல்டு, வில்பர்போர்ஸ் உறுப்பினராயிருந்த யார்க்ஷயரைச் சேர்ந்தது.

அந்தப் பாட்டாளிகளுக்கு அவர் என்ன கைம்மாறு செய்தார்?

1799-இல், இயந்திரம் அமைக்கும் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காகக் கூட்டுச் சேருகிறார்கள் என்று இலண்டன் முதலாளிகள் முறையிட்டனர். அதைத் தடுக்க மசோதா வந்தது. வில்பர்போர்ஸ் எழுந்தார். ஒரு தொழிலுக்கு மட்டும் ஏன், தொழிலாளர் கூட்டு எங்கும் பரவிய நோயாயிற்றே, எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகவே தடை வேண்டும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். நண்பர் பிட் அப்படியே சட்டம் கொண்டுவந்தார். கூலி உயரக் கூடிப் பேசினால் மூன்று மாதம் சிறை! 1824 வரை அந்தச் சட்டம் தொழிலாளியின் கழுத்தில் கிடந்தது.

ஒழுக்கச் சீர்திருத்தம் என்ற இரண்டாவது பணியும் நடந்தது. தாமஸ் பெயின் எழுதிய பகுத்தறிவுக் காலம் என்ற நூலை விற்றதற்காக, 1797-இல் வில்லியம்ஸ் என்ற ஏழைப் புத்தக வியாபாரிமீது, வில்பர்போர்ஸ் முன்னின்று தோற்றுவித்த ஒழுக்கச் சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்கை நடத்திய எர்ஸ்கின் என்ற பெரும் வழக்கறிஞர், அந்த ஏழையின் குடும்பம் நோயில் வாடுவதைக் கண்டு மனம் இளகி, கருணை காட்டுங்கள் என்று சங்கத்தாரைக் கேட்டார். மறுத்தனர். வழக்கறிஞர் வழக்கையே உதறினார். வில்லியம்ஸ் ஓராண்டு கடுங்காவல் போனார்.

1819 ஆகஸ்டு 16-இல், மான்செஸ்டர் திடலில் சுமார் 60,000 மக்கள் வாக்குரிமை கேட்டுக் கூடினர். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். விசாரணை வேண்டுமென்று நாடு கேட்டது. வில்பர்போர்ஸ் வேண்டாமென்றார், அடக்குமுறைச் சட்டங்களுக்கு ஆதரவு தந்தார். அடிமை ஒழிப்புக்காகப் பெண்கள் சங்கம் கண்டு வீடுவீடாய்ச் சென்றபோதும், அது வேதம் காட்டும் பெண்மைக்கு ஏற்றதல்ல என்று முகம் சுளித்தார்.

அப்படியானால் அவர் வேடதாரியா? அல்ல. அப்படிச் சொன்னால் அது நேர்மையாகாது. ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர். முதுமையில் மகனுடைய கடனால் சொந்த வீட்டையே விட்டு வெளியேறியவர். பிறகு ஏன் இந்த முரண்பாடு?

நாம் கருதுவது இது. துன்பப்படுபவன் மண்டியிட்டு நின்றால் அவர் நெஞ்சம் உருகியது. அவனே எழுந்து நின்று கேட்டால் நடுங்கியது. ஏழையின் நிலை இறைவன் வகுத்தது, பொறுமையோடு சுமந்தால் மறுமையில் பலன் உண்டு என்று 1797-இல் வெளியிட்ட நூலில் அவரே விளக்கினார். இரக்கம் மேலிருந்து சொரியலாம். உரிமை கீழிருந்து எழக்கூடாது. அதுவே அவர் அரசியல்.

அதே வேதப் புத்தகத்தைப் பார்படோஸ் தீவின் காட்ரிங்டன் தோட்டத்து முதலாளிகளும் வைத்திருந்தனர். அந்த முதலாளி யார்? இங்கிலாந்துத் திருச்சபையின் பிரச்சார சங்கமே! அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்த காலமும் உண்டு. அதே வேதத்தை ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமையும் படித்தார். அவர் பாப்டிஸ்ட் சபையின் ஊழியர். ஒருவனுக்கு இருவர் எஜமானராக முடியாதென்று உணர்ந்து, 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் வேலைநிறுத்தம் தொடங்கினார். அது கிளர்ச்சியாக மூண்டது. 1832-இல் தூக்கிலிட்டனர். அந்தக் கிளர்ச்சி கண்டு கலங்கிய இலண்டன், அடுத்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது.

சட்டம் என்ன தந்தது? எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நட்டஈடு! அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டிஷ் அரசு தீர்த்தது 2015-இல். சுமார் 8 இலட்சம் அடிமைகளுக்கோ ஒரு காசும் இல்லை. 1838 வரை பழைய எஜமானனிடமே கட்டாய வேலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியையும் இலங்கையையும் சட்டம் தொடவே இல்லை. அடிமை போன இடத்துக்கு, ஒப்பந்தக் கூலிகளாய் 1834 முதல் மொரீஷியசுக்கு இந்தியர் கப்பலேற்றப்பட்டனர். தொடர்ந்து சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்களும் ஏறினர்.

இன்று அமெரிக்காவில், கருக்கலைப்பு கூடாது, திருமணம் வேதப்படியே நடக்கவேண்டும் என்று அரசியல் நடத்தும் பழமைவாதக் கிறிஸ்தவர்கள், வில்பர்போர்சைத் தங்கள் முன்னோடி என்கின்றனர். கருக்கலைப்பு உரிமையை நாடெங்கும் காத்துவந்த தீர்ப்பை அங்கே உச்சநீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தபோது வெற்றி முழக்கமிட்டனர். கருப்பு மக்களின் உரிமைக்காக உயிர்நீத்த மார்ட்டின் லூதர் கிங்கும் பாதிரியாரே என்பதையும் மறக்கலாகாது. எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது. யாருடைய விலங்கை ஒடிக்கிறார், யாருக்குப் பூட்டுகிறார், உரியவன் பேச எழுந்தால் இடம் விடுகிறாரா என்று பார்க்கவேண்டும்.

வில்பர்போர்ஸ் ஒடித்த விலங்குக்காக நன்றி செலுத்துவோம். அவர் பூட்டிய விலங்கை ஒடித்தவர்கள் தொழிலாளர்கள்தாம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.