பாடலியிலிருந்து அதிகைக்கு

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்த மருணீக்கியார் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். தாமும் இறக்கத் துணிந்த தமக்கையார் தம்பியின்பொருட்டே உயிர்தாங்கினார். இத்தனை பிரிவுகளைக் கண்ட இளைஞர் நிலையாமையை ஆராயப் புகுந்து பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை அடைந்ததில் வியப்பில்லை. அங்கே தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார்.

சூலைநோய் அவரை மாற்றிற்று என்பர். நோய் தூண்டியது, மாறியது அவரே. மந்திரங்கள் பயனளியாதபோது, கெடிலக்கரைத் திருவதிகையில் திருத்தொண்டு செய்திருந்த தமக்கையாருக்கு ஆளனுப்பினார். பள்ளிக்கு வருவதில்லை என அவர் உறுதியாக மறுத்துவிட்டார். கடுமையாகத் தோன்றினும், தம்பியைத் தாமே எழுந்து நடக்கச் செய்தது அம்மறுப்பே. அன்றிரவு பாயுடை, குண்டிகை, மயிற்பீலி மூன்றையும் களைந்து, வெள்ளாடை உடுத்து, பிறர் அறியாவண்ணம் மருணீக்கியார் புறப்பட்டார். பல்லாண்டுக் கல்வியும் பட்டமும் மதிப்பும் பின்னே நின்றன. தாம் துறந்து சென்ற இறைவன் தம்மை ஏற்பானோ என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பின்னாளில் புகுந்த நீற்றறையினும் அரிய சோதனை இந்த இரவு நடையே எனத் தோன்றுகிறது. தமக்கையார் அடிவீழ்ந்த தம்பிக்குத் திருநீறளித்து, விடியுமுன் துடைப்பமும் குடமும் ஏந்தி வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். முதற்பதிகம் அங்கே பிறந்தது, நோயும் நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் அன்று பெற்றதே.

பின்னர்ப் பல்லவன் அழைத்தபோது, தாம் அவன் ஆணைக்கு உட்பட்டவர் அல்லர் என மறுக்க அவரால் இயன்றது. அம்மன்னன் 7ஆம் நூற்றாண்டு முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நீற்றறையில் ஏழு நாள், நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் இட்டது ஆகியவற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைக்கிறார். தமிழுக்குச் சமணர் ஆற்றிய தொண்டை அறிந்தோர்க்கு இப்பகுதி சற்றே நெருடும். அதனைக் காப்பிய மரபோடு வைத்துக் காண்பது தகும். கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர், அதாவது அவர் விட்டு வந்த பாடலிபுரமே. தலைவராய் இருந்த ஊருக்கே அடியவராய் மீண்டார்.

அதன்பின் உழவாரம் ஏந்தி ஊர்தோறும் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். தம்மினும் மிக இளையவரான ஞானசம்பந்தரின் சிவிகையைத் திருப்பூந்துருத்தியருகே கூட்டத்துள் மறைந்து நின்று தோளில் சுமந்தார். முதுமையில் திருப்புகலூரில் தங்கித் தொண்டு செய்கையில், செதுக்கிய மண்ணிடையே பொன்னும் மணியும் ஒளிர்ந்தன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, மீண்டும் புல்லைச் செதுக்கலானார்.