புலியைச் சுட்ட ஜிம் கார்பெட், கேமராவுக்காக ஓடையில் அணை கட்டியது ஏன்?

ஜிம் கார்பெட்னு சொன்னாலே ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர்னுதான் நமக்கு ஞாபகம் வரும். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் வீழ்த்தியவர் இவர்தான். ஆனா, அதே மனிதர் சினி கேமராவோட காட்டில் மாசக்கணக்கில் காத்துக் கிடந்தது பலருக்குத் தெரியாது.

1875-ல் நைனிடாலில் பிறந்தவர் கார்பெட். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். சின்ன வயசிலேயே கையில் துப்பாக்கி வந்துவிட்டது. பிறகு பீகாரின் மோகாமா காட்டில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வே வேலை. (அது காடு இல்லீங்க, கங்கைப் படித்துறை!)

கேமரா ஆசையைத் தூண்டியது ஃபிரெட் சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி. புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி வைப்பார் சாம்பியன். கால் பட்டதும் ஃபிளாஷ் வெடிக்கும், புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை.

கார்பெட் தேர்ந்தெடுத்தது வேற. அவருக்குப் புலி பகலில் நடக்கணும், அது ஃபிலிமில் ஓடணும். அங்கேதான் சிக்கல். துப்பாக்கி ஒரு தடவை சத்தம் போட்டால் வேலை முடிஞ்சது. அந்தக் கால சினி கேமராவோ ஓடும் வரைக்கும் கரகரன்னு சத்தம் போடும். இப்ப மாதிரி சைலன்ட் மோட் எல்லாம் கிடையாது. புலியின் காதோ ரொம்பக் கூர்மை. கிட்ட போகாமல் நல்ல படம் கிடைக்காது. கிட்ட போனால் புலி நிற்காது.

வேற கேமரா வாங்கலை, காட்டையே மாத்தினார். அடர்ந்த புதருக்கு நடுவே ஓடும் சின்ன ஓடையைத் தேர்ந்தெடுத்தார். தான் மறைந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சில அங்குல உயரத்தில் குட்டி குட்டி அணைகள் கட்டினார். தண்ணீர் விழும் சலசலப்பில் கேமரா சத்தம் அமுங்கிப்போச்சு. அப்புறம் பொறுமையாகப் புலிகளை அந்தப் பக்கம் வரவழைத்து, சில அடி தூரத்தில் படம் பிடித்தார்.

கேமரா வந்ததும் திருந்திட்டார்னு எழுதினால் அது பொய். 1930-ல் பவல்கர் பக்கம், ஆளையே கொல்லாத ஒரு பெரிய புலியைச் சுட்டவரும் அவரே. 63 வயசில், 1938-ல் தாக் ஆட்கொல்லியையும் சுட்டார். ஆனால் புலிகள் குறைந்து வருவது அவருக்குப் புரிந்திருந்தது. 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாக அவரும் ஒரு காரணம். இன்று அதற்கு அவர் பெயர்தான்.

1947-ல் அக்கா மேகியோடு கென்யா போனார். 1955-ல் அங்கேயே காலமானார்.

1944-ல் வெளிவந்த அவரது முதல் பிரபல புத்தகம் 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்'. ஆட்கொல்லிக் கதைகளைப் படித்துவிட்டு மூடி வைத்தவர்கள் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பாருங்க. அந்த ஓடையும் கேமராவும் அதில்தான் இருக்கு.