மருந்தின் விலையைக் கேள்வி கேட்ட பேராசிரியர்

குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, மருத்துவம் ஆகியன மனித வாழ்வின் அத்தியாவசிய சேவைகள். இவற்றுள் மருத்துவத்துக்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. அரிசியின் தரத்தைக் கையிலெடுத்துப் பார்த்து அறியலாம். துணியைத் தொட்டுப் பார்த்து விலை பேசலாம். மருந்தையோ நோயாளி தானே தெரிவு செய்வதில்லை. வைத்தியர் எழுதுகிறார், மருந்தகம் கொடுக்கிறது, நோயாளி பணம் செலுத்துகிறார். பாவனையாளர் இவ்வளவு பலவீனமாக நிற்கும் சந்தை வேறில்லை எனலாம். அச்சந்தையில் ஏழை நோயாளியின் சார்பில் காவல் நின்ற முன்னோடியே பேராசிரியர் சேனக பிபிலே.

1920ஆம் ஆண்டு பிறந்த சேனக பிபிலே ஊவாவின் நிலவுடைமைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1945இல் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். எடின்பரோவில் மருந்தியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1958இல் இந்நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கினார். தனியார் சிகிச்சை மூலம் பெருஞ்செல்வம் ஈட்டும் வாய்ப்பிருந்தும் அவர் அவ்வழியை நாடவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியின் உறுப்பினரான அவர், அறிவு மக்களுக்குப் பயன்பட வேண்டுமென்ற கொள்கையில் உறுதியாக நின்றார்.

அக்காலத்தில் ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் இறக்குமதியாகிப் பல விலைகளில் விற்கப்பட்டது. உள்ளிருக்கும் மூலப்பொருள் ஒன்றே. பெட்டியும் பெயரும் மட்டுமே வேறு. அந்தப் பெயருக்காகவும் விளம்பரத்துக்காகவும் நோயாளியே பணம் செலுத்தினார். நாட்டின் அந்நியச் செலாவணியும் கரைந்தது. வைத்தியர்களுக்கு மருந்தைப் பற்றிய தகவல்களைத் தந்தவர்களும் பெரும்பாலும் நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளே. இந்த நிலையை மாற்ற, அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துப் பட்டியலைச் சுருக்கிச் சீரமைக்கும் பணியில் பிபிலே ஈடுபட்டார். பக்கச்சார்பற்ற தகவல்களை வைத்தியர்களிடம் கொண்டு செல்லவும் முயன்றார்.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மருந்துத் துறையை ஆராயும் பொறுப்பை எஸ். ஏ. விக்கிரமசிங்கவிடமும் பிபிலேயிடமும் ஒப்படைத்தது. அவர்களது அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உதயமானது. அதன் தலைவராகப் பிபிலே பொறுப்பேற்றார். தனியார் துறையில் புழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வர்த்தகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயர் முன்வைக்கப்பட்டது. இறக்குமதி ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தது. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, தரமும் விலையும் ஒப்பிட்டு வாங்கப்பட்டது. பல மருந்துகள் முன்னைய விலையின் சிறு பங்குக்கே கிடைத்தன.

இலாபம் இழந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. மலிவு மருந்து தரமற்ற மருந்து என்ற பிரசாரம் எழுந்தது. 1974இல் கொலரா பரவியபோது சோதனை முற்றியது. கூட்டுத்தாபனம் மலிவாகத் தருவித்த டெட்ராசைக்ளின் மூலப்பொருளைத் தனது உள்ளூர்த் தொழிற்சாலையில் பதப்படுத்த ஃபைசர் நிறுவனம் முன்வரவில்லை. மருந்தை வெளிநாட்டிலிருந்து அவசரமாக வரவழைக்க நேர்ந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோதும், வெளி அழுத்தத்தின் முன் அரசாங்கம் பின்வாங்கியது. பொருளியலாளர் சஞ்சய லாலுடன் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பிபிலே இவ்வரலாற்றைப் பதிவு செய்துள்ளார்.

1976இல் கூட்டுத்தாபனத் தலைவர் பொறுப்பிலிருந்து அவர் நீங்கினார். ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பின் ஆலோசகராக, மூன்றாம் உலக நாடுகளுக்குத் தம் அனுபவத்தைக் கொண்டு சென்றார். அப்பணியில் கயானா சென்றிருந்தபோது 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி காலமானார். அப்போது வயது 57. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி, சுமார் 200 மருந்துகள் கொண்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வகுத்தது. பங்களாதேஷில் வைத்தியர் ஸபருல்லாஹ் சௌத்ரி முன்னின்று உழைத்த 1982ஆம் ஆண்டின் மருந்துக் கொள்கையும் இதே பாதையில் அமைந்தது. ஆனால் சொந்த நாட்டில் 1977இன் திறந்த பொருளாதாரத்துடன் அவரது ஏற்பாடுகள் பல தளர்ந்தன. தேசிய மருந்துக் கொள்கைக்குச் சட்ட வடிவம் கிடைக்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது.

சட்டம் மட்டும் போதாது என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடியும், 2023இல் அம்பலமான தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரமும் காட்டின. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை போன்ற கரையோர ஊர்களில் இதன் தாக்கம் இன்னும் கடுமையானது. கடலில் வருமானம் நாளுக்கு நாள் மாறும். வைத்தியசாலையில் மருந்து இல்லாவிட்டால் துண்டு எழுதித் தரப்படும். வெளியே வாங்கப் பணம் வேண்டும். நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து தேவைப்படும் முதியவர் ஒரு வேளை குளிசையை விட்டுவிடுவது இப்படித்தான். யுத்தத்தையும் 1990இன் வெளியேற்றத்தையும் கண்ட இம்மண்ணில் தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்து நின்ற காலங்கள் உண்டு. மருந்தகத்தின் முன் இருவரது துண்டும் ஒன்றே.

சந்தையைக் கண்காணிப்பது நமக்குப் புதிதன்று. இஸ்லாமிய ஆட்சிகளில் ஹிஸ்பா என்ற ஏற்பாடு இருந்தது. அதற்குப் பொறுப்பான முஹ்தஸிப், அளவு நிறுவைகளோடு மருந்து வணிகரின் கலப்படத்தையும் கவனித்தார். இன்று அக்கடமை தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் உரியது. ஆயினும் கொழும்பிலிருந்து ஒவ்வொரு கடையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டறிதல், பற்றுச்சீட்டுப் பெறுதல், உச்சவிலையையும் காலாவதித் திகதியையும் பார்த்தல், குறை கண்டால் முறையிடுதல் என்பன நம் கையில் உள்ளவை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் கோவில் சபைகளும் மீனவர் சங்கங்களும் இணைந்து, எந்த மருந்து எத்தனை நாள் கிடைக்கவில்லை என்பதைப் பதிந்து வைத்தியசாலை நிர்வாகத்திடம் மாதந்தோறும் கையளித்தால், அக்கணக்கை எவரும் எளிதில் புறந்தள்ள முடியாது.

பிபிலே செய்ததும் அடிப்படையில் இதுவே. பெயரையும் விலையையும் அருகருகே வைத்து, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டார். அக்கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.