'தப்பு'ன்னு சொல்லாத டீச்சர்... மரியா மாண்டிசோரியின் கதை!

உங்க ஏரியாவுல ஒரு 'மாண்டிசோரி' ஸ்கூல் போர்டையாவது கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஒரு டாக்டர்னு தெரியுமா? அதுவும் நம்ம அடையாறிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்த டாக்டர்!

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870-ல், இத்தாலியில். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமான காலம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து சடலத்தை அறுத்துப் படிக்க அவருக்கு அனுமதி இல்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு, தனியாக நின்று படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் முதலில் வேலை பார்த்தார். தொட்டு, உருட்டி, அடுக்கிப் பார்க்க அவர்களுக்குப் பொருள்கள் செய்து கொடுத்தார். அதில் சிலர், சாதாரணப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதிப் பாஸ் ஆனார்கள். ஊரே பாராட்டியது. மரியாவுக்கோ வேற கவலை. இவங்களாலேயே இது முடியுதுன்னா, நல்லா இருக்கிற பிள்ளைங்களை ஸ்கூல் என்னதான் பண்ணி வெச்சிருக்கு?

பதில் தேட இடம் கிடைத்தது 1907 ஜனவரி 6 அன்று. ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் பகுதி. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி நாசம் செய்யாமல் இருக்கணும், கட்டட உரிமையாளர்களுக்கு அவ்வளவுதான் தேவை! 'குழந்தைகள் இல்லம்' இப்படித்தான் ஆரம்பித்தது.

அங்கே இருந்த ஒரு பொருளை மட்டும் பார்ப்போம். ஒரு மரக்கட்டை. அதில் 10 குழிகள், 10 உருளைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒரு சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டால், உள்ளே போயிடும். யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா, கடைசியில் ஒரு உருளை கையிலேயே மிச்சம் இருக்கும், எந்தக் குழியிலும் போகாது. எங்கே தப்புன்னு குழந்தையே திரும்பிப் போய்த் தேடணும். மார்க், ஸ்டார், டிக், எதுவும் கிடையாது. நம்ம போன்ல இருக்கிற லேர்னிங் ஆப் ஒவ்வொரு கேள்விக்கும் பச்சை, சிவப்பு லைட் காட்டுதே, அதுக்கு நேர் எதிர். எனக்கு அந்த மரக்கட்டைதான் புத்திசாலித்தனமா தெரியுது.

ஒருநாள் 3 வயசுப் பெண் குழந்தை அந்த உருளைகளோடு உட்கார்ந்திருந்தது. மரியா அதை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். சுற்றிலும் மத்த பிள்ளைகளைப் பாடச் சொன்னார். குழந்தை நிமிரவே இல்லை. 40 தடவைக்கு மேல் எடுத்து எடுத்துப் போட்டுவிட்டு, தூங்கி எழுந்த மாதிரி ஃப்ரெஷ்ஷாக எழுந்து போனது. குழந்தைகளுக்குக் கவனமே நிக்காதுங்கிற நம்பிக்கை மரியாவுக்கு அன்னைக்குப் போச்சு.

ஆனா, ஊர்ப் பிள்ளைகளை இப்படி உட்கார்ந்து கவனித்தவர், தன் பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. கல்யாணம் ஆகாமல் 1898-ல் பிறந்த மகன் மரியோ, கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். வெளியே தெரிந்தால் மரியாவின் வேலையே போயிருக்கும். டீன்ஏஜில்தான் அம்மாவிடம் வந்தான். அப்பவும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

இன்னொரு நெருடலும் உண்டு. 1920-களில் முசோலினியின் ஆதரவை மரியா ஏற்றுக்கொண்டார். யோசிக்கிற பிள்ளைகளும் சர்வாதிகாரியும் எத்தனை நாள் ஒத்துப்போவாங்க? 1934-ல் முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார், 69 வயதில். ஆமா, அந்தப் பெரிய ஆலமரம் இருக்கே, அதே இடம். அடுத்த வருஷமே இத்தாலி போரில் குதிக்க, அம்மாவும் மகனும் பிரிட்டிஷாருக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தார்கள். 1940 ஆகஸ்ட் 31, மரியாவின் 70-வது பிறந்தநாள். அன்று மரியோ விடுதலை. வைஸ்ராயிடமிருந்து வந்த தந்தியில், உறவுக்காரர் என்றில்லாமல் 'மகன்' என்றே இருந்தது.

அதன்பிறகு இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். கொடைக்கானலில் வெவ்வேறு வயசுப் பிள்ளைகளை ஒண்ணா விட்டு, செடி, பூச்சி என்று சுற்றியிருப்பதையே பாடமாக்கினார்கள். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் மரியா இறந்தார். உயிலில் மரியோவைத் தன் மகன் என்று எழுதி வைத்திருந்தார்.