கணித மேதை மரியா அன்யேசி

பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாய் இருந்த காலத்தில், 1718ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், இத்தாலியின் மிலான் நகரில் செல்வக் குடும்பமொன்றின் தலைமகளாகப் பிறந்தார் மரியா கயேத்தானா அன்யேசி. ஒன்பதாம் வயதில், பெண்களும் உயர்கல்வி பெறவேண்டும் என வாதிடும் இலத்தீன் உரையொன்றை அறிஞர் அவையில் நிகழ்த்தினார். பன்மொழிப் புலமையும் பெற்றார்.

மகளின் அறிவை விருந்தினர் முன் காட்டி மகிழ்ந்தார் தந்தை. மகளோ துறவறம் பூண விழைந்தார். தந்தை மனம் வருந்தவே, வீட்டிலேயே தங்க இசைந்தார். எளிய உடையே உடுப்பேன், விரும்பியபோது ஆலயம் செல்வேன், கேளிக்கைகளுக்கு வரமாட்டேன் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள்.

பல ஆண்டு உழைப்பின் பயனாக 1748இல் அவரது கணித நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இயற்கணிதம் முதல் நுண்கணிதம் வரை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்த அந்நூலை, இளைஞர் எளிதில் கற்க, இலத்தீனில் அன்றி இத்தாலிய மொழியிலேயே எழுதினார். பேரரசி மரியா தெரேசா வைர மோதிரம் அனுப்பினார். பாரிசு அறிவியல் கழகத்தார் நூலைப் பாராட்டினர். ஆனால் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. அங்கு ஒரு பெண் முழு உறுப்பினராக 1979ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரோ 1750இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பதவியையே அவருக்கு அளித்தார்.

அன்யேசி அங்குச் சென்று கற்பிக்கவில்லை. 1752இல் தந்தை இறந்தபின் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தம்மை அர்ப்பணித்தார். பேரரசியின் பரிசுகளையும் விற்று அவர்களுக்கே செலவிட்டார். 1771 முதல் மிலானின் திரிவுல்சியோ இல்லத்தில் பெண்கள் பகுதியைக் கவனித்து, 1799 ஜனவரி 9இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். ஏழைகளோடு பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் விளக்கிய வளைகோடு ஒன்றின் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பொருள் மயங்கிச் 'சூனியக்காரி' என்று எழுதிவிட்டார். அன்பே உருவானவரின் பெயரோடு அச்சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது விந்தையே!

கணிதத்தை அவர் விட்டதை எண்ணி நாம் வருந்தலாம். ஆனால் இயலாமையால் அவர் விடவில்லை. கதவு திறந்த பிறகு, தாமே வேறு வழியைத் தேர்ந்துகொண்டார். மாணவியராகிய நாம் கேட்கவேண்டியதும் அதுவே: முதலில் கதவு திறக்கட்டும், செல்லும் வழியை நாமே தேர்வோம். பெற்ற அறிவும் புகழும் பிறர்க்குப் பயன்படவேண்டும் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.